லாரியோடு வந்த புத்தகம்: நான்கு வருடம், 3 லட்சம் கிலோமீட்டர்

2021-இல் பத்து சக்கர பிஎஸ்-6 (புகை மாசைக் குறைக்கும் புது விதிப்படி வந்த ரகம்) லாரி ஒன்று எடுத்தேன். சாவியோடு தடியாக ஒரு கையேட்டுப் புத்தகமும் கொடுத்தார்கள். பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டதுதான். அதன்மேல் பெர்மிட் நகல், ஊதுபத்தி, டிரைவரின் பல்பொடி எல்லாம் ஏறிவிட்டன. நாமக்கல்காரனுக்கு லாரியைப் பற்றிப் புத்தகம் என்ன சொல்லிவிடப் போகிறது என்ற நினைப்பு.

ஒன்பதாம் மாதம் அந்த நினைப்பு போயிற்று. தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வரும்போது டிரைவர் போன் செய்தார். "அண்ணே, இழுவையே இல்ல. முழுசா மிதிச்சாலும் நாப்பதத் தாண்ட மாட்டேங்குது." விசாரித்தால், யூரியா விளக்கு (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல் குறைந்தால் வருவது) எரிந்திருக்கிறது, அவர் குடிதண்ணீர் கேனை எடுத்து அந்த டேங்கில் ஊற்றியிருக்கிறார். திட்ட வாய் வரவில்லை. அதை 'யூரியா தண்ணி' என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியதே நான்தான். 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய நீர், இந்த அளவு பிசகினால் சென்சார் கண்டுபிடித்து இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும் என்று புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது. டேங்கைக் கழுவி, இன்ஜெக்டர் மாற்றி, 38 ஆயிரம் ரூபாய் ஆனது. இரண்டு டிரிப்பும் போச்சு.

அன்று ராத்திரிதான் உறையைப் பிரித்தேன். 300 பக்கத்துக்கு மேல். பாதி எச்சரிக்கை, கம்பெனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது. ரேடியோவுக்கு மட்டும் 14 பக்கம்! அதற்கு நடுவில், சாம்பல் நிறக் கட்டத்துக்குள் நாலே வரியில் வெல்டிங் பற்றி எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்துக்காகவே புத்தகத்துக்குக் காசு கொடுக்கலாம்.

எங்கள் ஊரில் பாடியில் ஒரு ஆங்கிள் (இரும்புச் சட்டம்) விட்டுப்போனால், வண்டியைப் பட்டறையில் ஓரங்கட்டி, எர்த் கிளிப்பை சேஸிஸில் கைக்கு எட்டிய இடத்தில் மாட்டி, பற்றவைத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். பழைய வண்டிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இப்போது வண்டிக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறதே. பேட்டரி கம்பிகளைக் கழற்றி, அந்தக் கம்ப்யூட்டரான ஈசியூவின் கனெக்டரையும் உருவிவிட்டு, எர்த்தை வெல்டிங் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்கிறது புத்தகம். பட்டறை அண்ணனிடம் காட்டினேன். சிரிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். "போன மாசம் ஒரு வண்டிக்கு மூளை அவுட்டாச்சுப்பா, ஏன்னே தெரியல" என்றார். இப்போது வண்டி உள்ளே வந்ததும் பேட்டரி கம்பியைக் கழற்ற அவரே பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு வருகிறார்.

அப்புறம் ரீஜெனரேஷன். புகைபோக்கி ஃபில்டரில் சேரும் கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும் வேலை. அந்த விளக்கு வந்தால் என்னவோ ஏதோ என்று டிரைவர் பயந்து இன்ஜினை அணைத்துவிடுவார். ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். பாதியில் நிறுத்திக்கொண்டே போனால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்தக் கூடாது என்றும் இருந்தது. சைலன்சர் பக்கம் 600 டிகிரி வரை சூடு ஏறும். சோளக்களத்தில் எங்கள் வண்டி எங்கே நிற்கும்? தட்டைக் குப்பை மேலேதான். படித்ததும் வயிறு கலங்கிவிட்டது.

குறையும் உண்டு. தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய வியாதி. கியரில் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டும் பிரயோஜனமில்லை; முழு பாரமும் சக்கர பிரேக்குக்கு வந்து, சூடேறிப் பிடிக்காமல் போகும். இதற்குப் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான். ரேடியோவில் பாதி இடத்தையாவது இதற்கு ஒதுக்கியிருக்கலாம். அதோடு, எனக்குக் கிடைத்தது முழுக்க ஆங்கிலம். வண்டி ஓட்டுகிறவருக்கு அதில் ஒரு எழுத்தும் ஓடாது.

விளக்குப் படங்கள் உள்ள இரண்டு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து டிரைவரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் தன் கையெழுத்தில் பேர் எழுதிக்கொண்டார். யூரியா விளக்குக்கு 'கேன் தண்ணி ஊத்தாதே'. ஃபில்டர் விளக்குக்கு 'நிறுத்தாதே, ஓட்டு'. ஆயில் விளக்குக்கு 'ஓட்டாதே, நிறுத்து'. லேமினேட் செய்து சன்வைசரில் செருகி வைத்திருக்கிறோம்.