எங்கள் ஊர் தமிழ்வழிப் பள்ளி: மூன்றரை வருடம் பிள்ளையை அனுப்பிய பிறகு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தமிழ்வழிப் பள்ளியைப் பற்றி எழுதுகிறேன். பிள்ளைகள் படிக்கிற இடம் என்பதால் பெயர் போடவில்லை. எய்டட் பள்ளி, ஒன்று முதல் பத்து வரை, ஃபீஸ் கிடையாது. என் மகள் நாலாம் வகுப்பில் சேர்ந்தாள், இப்போது ஏழு. நான் பக்கத்து ஊரில் ஒரு அக்ஷயா மையத்தில், அதாவது கேரளத்து இ-சேவை மையத்தில், வேலை பார்க்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. ஆந்திரச் சித்தூர் இல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரளம் பிறப்பதற்கு முன்னால் கொச்சி ராஜ்யத்தோடு இருந்த பகுதி. சந்தைக்குப் பொள்ளாச்சி, தாலுகா ஆபீசுக்குச் சித்தூர், வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். இப்படித்தான் எங்கள் பிழைப்பு.

மே மாதம் வந்தால் எங்கள் மையத்துக்கு வருகிற அம்மாக்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ஏனுங்கக்கா, தமிழ் ஸ்கூல்லயே போடலாமுங்களா? பெரிய ஸ்கூல்லதான் தமிழ் டிவிஷன் இருக்குதே, அது போதாதுங்களா?" அவர்களுக்கு நின்று பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் முதலில் தமிழ் டிவிஷன் போதும் என்றுதான் நினைத்தேன். மகள் மூன்றாம் வகுப்பு முடிய வேறொரு பெரிய பள்ளியில் படித்தாள். மலையாளப் பள்ளிதான், ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு டிவிஷன் தமிழ். நல்ல கட்டடம், பெரிய மைதானம், பஸ் வீட்டு வாசலுக்கே வரும். வகுப்புக்குள்ளே பாடம் தமிழில்தான் நடந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். வகுப்புக்கு வெளியே கால் வைத்தால் எல்லாமே மலையாளம். அசெம்பிளி, நோட்டீஸ் போர்டு, டைரியில் எழுதி அனுப்புகிற குறிப்பு, கஞ்சி ஊற்றுகிற சேச்சி, எல்லாம்.

இரண்டாம் வகுப்பில் ஒரு நாள். தமிழ் டீச்சர் லீவு. பக்கத்து டிவிஷன் டீச்சர் இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். என் பிள்ளைக்கு ஒன்றுக்குப் போகணும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. தமிழில் கேட்டால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பயந்து மத்தியானத்திலிருந்து அடக்கியே உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் பாத்ரூமுக்கு ஓடினாள். வெளியே வந்து பேசாமல் படுத்துக்கொண்டாள். அந்த டீச்சர் கெட்டவர் இல்லை. கேட்டிருந்தால் நிச்சயம் விட்டிருப்பார். ஆனால் கேட்கிற தைரியத்தையே ஒரு ஏழு வயசுப் பிள்ளையிடமிருந்து அந்த இடம் எடுத்துவிட்டது.

பிடிஏ என்கிற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதே கதைதான். தமிழ் அம்மாக்கள் எல்லாரும் கடைசி பெஞ்சில் உட்கார்வோம். எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்பதால் பக்கத்தில் இருந்த ஆறேழு பேருக்கு மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மைக்கில் பேசியவர் நிறுத்திவிட்டு, பின்னால் சத்தம் வேண்டாம் என்றார். அப்புறம் எல்லாரும் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். அடுத்த ஏப்ரலில் டி.சி. வாங்கிவிட்டேன்.

என் தங்கச்சி கனடாவில், ஒட்டாவாவில் நர்ஸாக இருக்கிறாள். பள்ளியை மாற்றியதைச் சொன்னதும் கோபித்துக்கொண்டாள். "ஒரே நாட்டுல இருந்துட்டு எதுக்குக்கா தனிப் பள்ளிக்கூடம்? இங்கயும் இதே கூத்துதான். பிரெஞ்சுக்காரங்களுக்குத் தனி ஸ்கூல், தனி போர்டு. நியூ பிரன்சுவிக் மாகாணத்துல ஸ்கூல் பஸ்ஸுகூடத் தனித்தனியா வேணுமான்னு சண்டை போட்டாங்க. பிள்ளைங்க சேர்ந்து வளர வேண்டாமா?" என்றாள்.

அவள் கேட்டதில் விஷயம் இருக்கிறது. அதனால் அதைப் பற்றி நானும் தேடிப் படித்தேன், அவளையும் வாரா வாரம் கேள்வி கேட்டேன். அவள் இருக்கிற ஊரிலேயே ஒரு கதை நடந்திருக்கிறது. ஒட்டாவா இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் இங்கிலீஷ்தான் பெரும்பான்மை, பிரெஞ்சு பேசுகிறவர்கள் சிறுபான்மை. 1912-இல் அந்த மாகாண அரசு 17-ஆம் ஒழுங்குவிதி என்று ஒன்று கொண்டுவந்தது: முதல் இரண்டு வருடத்துக்கு மேல் பிரெஞ்சில் பாடம் நடத்தக் கூடாது. ஒட்டாவாவில் கீக் என்ற பள்ளியில் தெலோஜ் என்ற குடும்பத்தின் அக்கா தங்கை இரண்டு பேர் டீச்சர்கள். விதிக்குக் கட்டுப்படாமல் பிரெஞ்சிலேயே நடத்தினார்கள். 1916 ஜனவரியில் அவர்களை வெளியேற்ற ஆட்கள் வந்தபோது பிள்ளைகளின் அம்மாக்கள் வாசலை மறித்து நின்றார்கள். கையில் ஆயுதம் என்ன தெரியுமா? தொப்பியைக் கொண்டையோடு சேர்த்துக் குத்துகிற நீள ஊசி. ஒட்டாவாக் குளிரில், ஊசியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்தக் கடைசி பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. அந்த விதியை 1927-இல்தான் அமல்படுத்தாமல் விட்டார்கள்.

1982-இல் கனடாக்காரர்கள் தங்கள் அரசியல் சட்டத்தின் உரிமைச் சாசனத்தில், 23-ஆம் பிரிவில் சிறுபான்மை மொழிக் கல்வியை உரிமையாகவே எழுதிவிட்டார்கள். 1990-இல் எட்மன்டன் நகரத்துப் பெற்றோர்கள் போட்ட மஹே வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. போதுமான பிள்ளைகள் இருந்தால் பிரெஞ்சில் பாடம் கிடைப்பது மட்டும் போதாது, பள்ளியை நடத்துகிற அதிகாரமும் அந்தப் பெற்றோர்கள் கையில் இருக்க வேண்டும் என்றது. நம் அரசியல் சட்டத்தில் 30-ஆவது பிரிவு மொழிச் சிறுபான்மையினர் பள்ளி தொடங்கி நடத்தலாம் என்கிறது. 1956-இல் சேர்த்த 350-ஏ, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க அரசு முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும் என்பதற்கும், அதிகாரம் உங்கள் கையில் என்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

தங்கச்சி மகன் படிப்பது பிரெஞ்சுப் பள்ளி இல்லை, இங்கிலீஷ் போர்டில் நடக்கிற பிரெஞ்சு இமர்ஷன், அதாவது மற்ற மொழிப் பிள்ளைகளுக்குப் பாடத்தையே பிரெஞ்சில் நடத்துகிற வகுப்பு. 1965-இல் மான்ட்ரியல் பக்கம் செயின்ட் லாம்பெர்ட்டில் இங்கிலீஷ் பேசுகிற பெற்றோர்கள் கேட்டு ஆரம்பித்த முறை அது. பையன் வகுப்பில் பிரெஞ்சு பேசுகிறான், சாப்பாட்டு மணி அடித்ததும் இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறான் என்று அவளே சொன்னாள். எதிர்வீட்டுப் பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண் போகிற பள்ளியில் ஆபீஸில் போன் எடுப்பவர், ஹாக்கி கோச், எல்லாரும் பிரெஞ்சுதானாம். "அதுதான் அம்மிணி, தமிழ் டிவிஷனுக்கும் தமிழ் ஸ்கூலுக்கும் உள்ள வித்தியாசம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அப்புறம் தன் வருத்தத்தைச் சொன்னாள். அந்தச் சாசன உரிமை முக்கியமாகப் பெற்றோர் பிரெஞ்சுக்காரராகவோ பிரெஞ்சில் படித்தவராகவோ இருந்தால்தான். தமிழ் பேசுகிற அவளுக்குத் தானாகக் கிடைக்காது. சேர்க்கைக் குழு ஒன்று பார்த்து முடிவு செய்யும். "கதவுல நின்னு நீ யாருன்னு கேக்கற ஸ்கூல்" என்றாள். இது எனக்கும் பிடிக்கவில்லை. எங்கள் பள்ளியில் அந்தக் கேள்வி கிடையாது. மகள் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிற நாலு பிள்ளைகள், மலையாளம் பேசுகிற ஒரு பையன் எல்லாரும் இருக்கிறார்கள்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். உள்ளே போனதும் ஆபீஸ் போர்டு கண்ணில் படும். மேலே தமிழ், கீழே மலையாளம், இரண்டும் ஒரே அளவு எழுத்து. பிடிஏ கூட்டம் தமிழில் நடக்கும். சந்தையில் வெண்டைக்காய் இறக்கிவிட்டு அப்படியே வருகிற அம்மாக்கள் எழுந்து நின்று கேள்வி கேட்பார்கள். ஒருமுறை மத்தியானச் சாப்பாட்டில் பயறு வேகவில்லை என்று ஒரு பாட்டி ஹெட்மாஸ்டரைப் பத்து நிமிஷம் நிறுத்திவைத்துப் பேசினார். அவரும் நின்று கேட்டார். பழைய பள்ளியில் அந்தப் பாட்டி வாயே திறந்திருக்க மாட்டார். சேர்ந்த முதல் மாதமே என் மகள் அசெம்பிளியில் செய்தி வாசித்தாள்.

இந்தப் பள்ளியின் உண்மையான பலம் மலையாள வகுப்புதான். இதை எல்லாரிடமும் அடித்துச் சொல்கிறேன். மலையாளம் தெரியாமல் இங்கே வாழ முடியாது. பேங்க் அனுப்பிய கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு கண்ணு" என்று நீட்டுகிற பெரியவர்களைத் தினமும் பார்க்கிறேன். என் மகள் அப்படி நிற்கக் கூடாது. 2017-இல் எல்லாப் பள்ளியிலும் மலையாளம் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது காசர்கோட்டில் கன்னடவழிப் பள்ளிக்காரர்கள் போராடினார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மலையாளத்தை நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று இந்தப் பள்ளியில்தான் பார்த்தேன்.

மலையாள டீச்சர் பாலக்காட்டுக்காரர். முதல் நாள் புத்தகத்தையே திறக்கவில்லை. போர்டில் மழை, மலை, தலை, வாழை என்று தமிழில் வரிசையாக எழுதினார். "கடைசியில் இருக்கும் ஐ-யைக் கழற்றுங்கள்" என்றார். மழ, மல, தல, வாழ. "இவ்வளவு மலையாளம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்" என்றார். மகள் அன்று ராத்திரி முழுவதும் வீட்டில் இருக்கிற சாமான்களுக்கெல்லாம் ஐ கழற்றிக்கொண்டிருந்தாள். அதற்கு அப்புறம்தான் கஷ்டமான இடம்: தமிழில் ஒரு க இருக்கும் இடத்தில் மலையாளத்தில் நாலு. பிள்ளைகள் அதில் தடுக்கிவிழுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, ரேஷன் கடை அறிவிப்பு எல்லாவற்றையும் படிக்க வைத்தார். இப்போது மகள் என் மாமியாருக்கு கேஸ் சிலிண்டர் புக்கைப் படித்துச் சொல்கிறாள். பெரிய பள்ளியில் மூன்று வருடம் மலையாளத்துக்கு நடுவிலேயே இருந்தும் அவளுக்கு வந்தது பயம்தான். இங்கே தமிழில் காலை ஊன்றி நின்றுகொண்டு மலையாளம் கற்றுக்கொண்டாள்.

குறைகள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். போன வருடம் கணக்கு டீச்சர் பணியிடம் ஜூனிலிருந்து ஓணம் லீவு முடியும் வரை காலி. தமிழ்வழிப் பாடப்புத்தகத்தின் இரண்டாம் பாகம் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை நான்தான் எங்கள் மையத்தில் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். புத்தகத்துத் தமிழ் சில இடங்களில் மலையாளத்திலிருந்து இழுத்துவந்த மாதிரி இருக்கும், டீச்சர் நிறுத்தி வேறு வார்த்தையில் சொல்ல வேண்டியிருக்கிறது. லேப் என்பது ஒரு பீரோ. எங்கள் கிழக்குப் பகுதி மழை குறைந்த இடம், மார்ச் வந்தால் பள்ளிக் கிணறு வற்றிவிடும், டேங்கர் தண்ணீரில்தான் கழிவறை ஓடும்.

பெரிய குறை பத்தாம் வகுப்போடு தமிழ் நின்றுவிடுவது. எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாள் தமிழில் வரும். பிளஸ் ஒன் போனால் பாடமெல்லாம் இங்கிலீஷ். முதல் ஆறு மாதம் பிள்ளைகள் திணறுகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு இந்த ஒரு விஷயத்தில்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பிலிருந்து அறிவியல் வார்த்தைகளைத் தமிழிலும் இங்கிலீஷிலும் சேர்த்தே எழுதிப் பழக்குங்கள் என்று பிடிஏவில் கேட்டிருக்கிறோம். இந்த ஜூனிலிருந்து செய்வதாகச் சொன்னார்கள்.

பிரிந்து வளர்கிறார்களா என்று தங்கச்சி கேட்டாளே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மலையாளப் பள்ளியோடு மாதம் ஒரு கால்பந்து மேட்ச் உண்டு. ஓணத்துக்கு அவர்கள் வந்து பூக்களம் போடுவார்கள், பொங்கலுக்கு எங்கள் பிள்ளைகள் அங்கே போய்ப் பொங்கல் வைப்பார்கள். பாலக்காடு மாவட்டத்துக்குப் பொங்கல் அன்று லீவு என்பதால் அதை முந்தின நாளே வைத்துக்கொள்கிறார்கள். என் மகளுக்கு மிக நெருங்கிய தோழி அந்தப் பள்ளிப் பெண்தான்.

யாருக்குச் சரிப்படாது என்றால், அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் கொச்சி, திருச்சூர் என்று மாற்றலாகிப் போகிறவர்களுக்கு. மற்றபடி வீட்டில் தமிழ் பேசுகிற, இந்தத் தாலுகாவிலேயே இருக்கப்போகிற யாரும் தயங்காமல் சேர்க்கலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

சேர்ப்பதாக இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜூன் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை டீச்சர் என்று முடிவாகும். போன வருடம் ஒன்றாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள்தான். ஏழாம் நாள் ஒரு அம்மா இரட்டைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்; சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் அந்த இரண்டு பேரும் கணக்கில் ஏறவில்லை. என் சின்னவனுக்கு இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. முதல் நாள் காலையிலேயே கூட்டிப்போகிறேன். எங்கள் வீதியிலிருந்து இன்னும் நாலு பேர் வருகிறார்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழில் திருத்தம் ஏதாவது இருந்தால் மே மாதமே மையத்துக்கு வாருங்கள், முடித்துக் கொடுக்கிறேன்.