ஜெய்சல்மேரில் ஒரு காலைப்பொழுது: ஆகலா, சுதாசரியா?

ஜெய்சல்மேரில் எங்களுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு நாள். அதன் காலைப்பொழுதைக் கல்மரங்கள் (கல்லாகிப்போன பழங்கால மரங்கள்) கிடக்கும் ஆகலுக்குக் கொடுப்பதா, கானமயில் (Great Indian Bustard என்னும் பெரிய புல்வெளிப் பறவை) உலவும் பாலைவனத் தேசியப் பூங்காவின் சுதாசரிப் பகுதிக்குக் கொடுப்பதா என்று இரவு வெகுநேரம் பேசி, கடைசியில் சுதாசரிக்கே சென்றோம். மறுபடி வாய்த்தாலும் அதையேதான் செய்வேன்.

ஆகல், பார்மர் சாலையில் 17 கிலோமீட்டர் தொலைவுதான். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஜுராசிக் கால அடிமரங்கள் 21 ஹெக்டேர் பரப்பில் ஆங்காங்கே கிடக்கின்றன. பெரியவற்றுக்கு இரும்புக் கம்பிக்கூண்டு அமைத்துத் தகரக் கூரை வேய்ந்திருப்பதால், கம்பியில் முகம் பதித்துத்தான் மரத்தின் இழையோட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையைப் பார்த்தவர்களுக்குக் காட்சி புதிதல்ல. ஆனால் திருவக்கரை மரங்களுக்குச் சுமார் 2 கோடி ஆண்டுதான் வயது என்பதை நினைத்தால் மலைப்பு வரும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது நேரம். கல்மரம் உச்சிவெயிலிலும் கிடந்த இடத்தில்தான் கிடக்கும், பறவை அப்படியல்ல. வெயில் ஏறிக் கானல் நெளியத் தொடங்கிவிட்டால், தொலைவில் நிற்பது கானமயிலா ஆடா என்று தொலைநோக்கியில்கூடச் சொல்ல முடிவதில்லை. ஆகவே வனத்துறை அனுமதியை முந்தின நாளே வாங்கிவைத்துக்கொண்டு, இருட்டிலேயே ஜீப்பில் கிளம்பி, சாம் மணல்மேடுகளைத் தாண்டி, விடியும்போது வேலியோரம் நின்றோம். சின்காரா மான்கள் உடனே தென்பட்டன. ஒரு பாலை நரி எங்களைப் பொருட்படுத்தாமல் வளைக்கருகே குளிர்காய்ந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, செவண் புல்லுக்கு மேலே ஒரு வெண்கழுத்தும் கருங்கொண்டையும் எழுந்தன. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமும், ஆணானால் 15 கிலோ வரை எடையும் கொண்ட பறவை இது. அந்தக் கனமும், நேர் எதிரே உள்ளதைச் சரியாகக் காண முடியாத பார்வையும் சேர்ந்தே இதை மின்கம்பிகளில் மோதிச் சாக வைக்கின்றன. இயற்கையில் எஞ்சியிருப்பவை 150-ஐக்கூட எட்டாது என்பதே இன்றைய மதிப்பீடு.

இது ஜனவரி அனுபவம். கோடையில் நான் சென்றதில்லை. ஏப்ரலுக்குப் பின் செல்பவர்களுக்கும் சிறு குழந்தைகளோடு செல்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று உறுதி கூற மாட்டேன்.

ஆகலையும் விட்டுவிடவில்லை. மாலை ரயிலுக்கு முன், மூன்று மணி வெயிலில், நாற்பது நிமிடத்தில் சுற்றிப் பார்த்துவிட்டோம்.