ஜாஸ் ஜாக்ராபிட் 2: ஓட்டக் கீயை விட்டால்தான் ஆட்டம் பிடிபடும்

பச்சை முயல், நெற்றியில் சிவப்புத் துணி, கையில் நீலத் துப்பாக்கி. 1998-ல் வந்த இந்த கேமை முதன்முறை திறப்பவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: ஓட்டக் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் பாய்வது. சில நொடிகளில் ஏதாவது ஒரு ஆமை மேல் மோதி ஒரு இதயம் போகும். இன்னும் நாலு தடவை அப்படியே ஆனதும், 'வேகமா இருக்கு, ஆனா எதிரே வர்றது தெரியல' என்று மூடிவிடுவார்கள்.

அந்தக் குறை முதல் பாகத்துக்கு முழுதாகப் பொருந்தும். இரண்டாம் பாகத்துக்குப் பாதிகூடப் பொருந்தாது. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். இரண்டு கேம்களிலும் லெவல்கள் 32 பிக்சல் அகலமும் 32 பிக்சல் உயரமும் கொண்ட சதுரக் கட்டங்களால் ஆனவை. 1994-ல் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு வந்த முதல் பாகத்தின் திரை 320×200. அகலத்தில் பத்தே கட்டம். முயல் நடுவில் நின்றால் முன்னால் தெரிவது ஐந்து கட்டம். போதாததற்கு அதில் ஓட்டத்துக்குத் தனிக் கீ கிடையாது. நடக்க ஆரம்பித்தாலே வேகம் தானாக ஏறிவிடும். இரண்டாம் பாகத்தில் 640×480 வைத்தால் அகலத்தில் இருபது கட்டம், உயரத்தில் பதினைந்து. பார்வை தூரம் இரட்டிப்பு. அதைவிட முக்கியமானது, ஓட்டம் தனிக் கீக்குப் போய்விட்டது. எப்போது பாய்வது, எப்போது நடப்பது என்பது விளையாடுபவர் கையில். அதனால் கேமைத் திறந்ததும் முதல் வேலையாக ஆப்ஷன்ஸில் திரை அளவைப் பாருங்கள். சின்ன அளவில் இருந்தால் 640×480-க்கு மாற்றிவிட்டு ஆட ஆரம்பியுங்கள். இதைச் செய்யாமல் ஆடினால் முதல் பாகத்தின் தலைவலி இதிலும் தொடரும்.

உருவாக்கியவர்களின் பெயரைச் சொல்லியாக வேண்டும். புரோகிராமிங் அர்ஜான் புரூசி, டிசைன் கிளிஃப் பிளெசின்ஸ்கி. முதல் பாகத்திலிருந்தே இந்த ஜோடிதான், எபிக் மெகாகேம்ஸ் நிறுவனத்துக்காக. இரண்டாம் பாகத்தின் இசை அலெக்சாண்டர் பிராண்டன். கதை ஒரு வரிதான்: டேவன் ஷெல் என்ற ஆமை, ஜாஸ் - ஈவா கல்யாண மோதிரத்தைத் திருடிக்கொண்டு கால இயந்திரத்தில் தப்பிக்கிறான்; முயல் துரத்துகிறது. லெவல்கள் கோட்டையிலிருந்து ஆய்வகம், கடற்கரை, காடு, நரகம் என்று தாவித் தாவிப் போவதற்கு இந்த ஒரு வரி போதும்.

இனி கையாட்டம். ஜாஸ், அவன் தம்பி ஸ்பாஸ் என்று இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். இது வெறும் நிற மாற்றம் இல்லை. ஜாஸ் விழும்போது ஜம்ப் கீயை அழுத்தினால் காதுகள் ஹெலிகாப்டர் விசிறியாகச் சுழன்று மெல்ல இறங்குவான். ஸ்பாஸுக்கு அது கிடையாது. பதிலாக அந்தரத்தில் இன்னொரு முறை குதிப்பான். குனிந்துகொண்டு ஜம்ப் அழுத்தினால் ஜாஸ் நேர் மேலே குத்திக்கொண்டு எழும்புவான், ஸ்பாஸ் பக்கவாட்டில் உதைத்துக்கொண்டு பறப்பான். அந்தரத்தில் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் இருவருமே பொத்தென்று கீழே இடிப்பார்கள். பெட்டிகளையும் சில தரைக் கட்டங்களையும் இந்த இடியால் உடைக்கலாம்.

புதிதாக ஆடுபவர்களுக்கு ஜாஸ்தான் சரி. காரணம் எளியது: குதித்த பிறகு எங்கே இறங்குவது என்று யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கும். ஸ்பாஸின் இரண்டாம் குதியை எடுத்துவிட்டால் அவ்வளவுதான், அதற்குப் பிறகு திருத்த வழி இல்லை. ஆனால் கை பழகியவர்களுக்கு ஸ்பாஸ் வேகமானவன்; அந்த உதை எதிரிகளை வீழ்த்திக்கொண்டே முன்னேற விடும். மேலே எழும்பும் குத்துக்கு ஒரு தயக்கம் உண்டு, குனிந்த கணத்துக்கும் எழும்பும் கணத்துக்கும் நடுவே. எதிரி பக்கத்தில் நிற்கும்போது அதை முயன்றால் அடிதான் விழும். தலைக்கு மேலே இருக்கும் எதிரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி விஷயத்தில்தான் இந்த கேம் பணக்காரத்தனமானது. மொத்தம் ஒன்பது ஆயுதங்கள், விசைப்பலகையின் 1 முதல் 9 வரையிலான எண்களில். மாற்றும் கீயைத் தட்டிக்கொண்டே தேட வேண்டாம், எண்ணை நேரே அழுத்துங்கள். பாஸ் எனப்படும் பெரிய எதிரியோடான சண்டையில் இந்தப் பழக்கம் உயிரைக் காப்பாற்றும். 1 சாதாரண பிளாஸ்டர், குண்டு தீரவே தீராது. 2 பவுன்சர்: தரையில் பட்டுத் துள்ளித் துள்ளிப் போகும், பள்ளத்திலும் படிகளுக்குக் கீழும் நிற்பவர்களுக்கு. 3 ஐஸ்: எதிரியை உறைய வைக்கும். பலர் இதை வீணாக்குகிறார்கள். குறுகிய பாதையில் அங்குமிங்கும் பறக்கும் எதிரியை முதலில் உறைய வைத்துவிட்டு அப்புறம் சுட்டால் குறி தப்பாது. 4 சீக்கர்: தானே தேடிப் போகும், அதனால் சேமித்து வையுங்கள். 6 டோஸ்டர்: தீ. தூரம் குறைவு, குண்டு மளமளவென்று தீரும், நெருங்கினால் பலம். 7 டிஎன்டி: வைத்துவிட்டு விலகுங்கள். 8, 9 எண்களில் இருப்பவை அரிதாகவே கைக்கு வரும்.

5-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்எஃப் ஏவுகணை வெடிக்கும்போது பக்கத்தில் இருக்கும் முயலையும் தள்ளும். சுவரை ஒட்டிக் குதித்து, சுவரைப் பார்த்துச் சுட்டால் அந்தத் தள்ளலிலேயே இன்னும் மேலே போகலாம். சரியான தாளத்தில் சுட்டுக்கொண்டே இருந்தால் செங்குத்துச் சுவரில் ஏறிவிடலாம். தவறு நடப்பது எப்போதும் ஒரே இடத்தில்தான்: குதித்த உடனே சுடுவது. குதியின் உச்சியை நெருங்கும்போது சுட வேண்டும். முன்பே சுட்டால் தள்ளல் வீணாகி, முயல் சுவரை விட்டு விலகிவிடும். ஆன்லைனில் ஆடுபவர்கள் இந்த ஒரு வித்தையை வைத்தே பாதி வரைபடத்தைக் குறுக்கு வழியில் கடக்கிறார்கள்.

மேல்நோக்கிச் சுடவும் முடியும் என்பதை மறக்க வேண்டாம். ரகசிய இடங்களில் நிறைய, தலைக்கு மேலே இருக்கும் உடையும் கட்டங்களுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அங்கேதான் காசுகள். வெள்ளிக் காசு 1, தங்கக் காசு 5. சில மூலைகளில் இருக்கும் போனஸ் வாசல்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் காசு கேட்கும். போதாவிட்டால் இன்னும் எத்தனை வேண்டும் என்று சொல்லும், உள்ளே விடாது. வலது பக்கமாக ஓடியே லெவலை முடிப்பவர்கள் இந்த வாசல்களைப் பார்க்கவே மாட்டார்கள். ஒரு லெவலின் உண்மையான பரப்பில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன 'ஓட்டக் கீயை விடுங்கள்' என்பதன் பொருள் இதுதான்: சுவரைச் சுட்டுப் பாருங்கள், தரையை இடித்துப் பாருங்கள், ஸ்பிரிங் கண்டால் ஏறிப் பாருங்கள். ஸ்பிரிங்கிலும் ஒழுங்கு உண்டு. சிவப்பு குறைவாகத் தூக்கும், பச்சை அதைவிட அதிகம், நீலம் எல்லாவற்றையும்விட உயரம். நீல ஸ்பிரிங் ஒன்று ஒரு காரணமும் இல்லாமல் நிற்பதுபோல் தெரிந்தால் மேலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

வழியில் கிடக்கும் தின்பண்டங்களும் அலங்காரத்துக்கு இல்லை. நூறு சேர்ந்ததும் சுகர் ரஷ் தொடங்கும்: பாட்டு மாறும், கொஞ்ச நேரத்துக்கு முயலை எதுவும் தொட முடியாது, மோதினாலே எதிரி காலி. ஓட்டக் கீயை அழுத்திப் பிடிக்க வேண்டிய நேரம் இதுதான். தொண்ணூறைத் தாண்டிவிட்டால் மீதியை உடனே தின்றுவிடாதீர்கள். எதிரிகள் மொய்க்கும் இடம் வரும்வரை காத்திருந்து அங்கே நூறைத் தொடுங்கள்.

கடினநிலையைக் கூட்டினால் என்ன மாறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. லெவலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எதிரிக்கும் 'சுலப நிலையில் மட்டும்', 'கடின நிலையில் மட்டும்' என்று குறி வைக்க முடியும். எனவே நிலையை மாற்றினால் லெவலின் உள்ளடக்கமே கொஞ்சம் மாறும். ஒருமுறை முடித்தவர்கள் கடின நிலையில் திரும்பப் போனால் பழகிய மூலையில் புது எதிரி நிற்பதைப் பார்க்கலாம்.

மூன்றாம் எபிசோட் முதல் பாகத்தின் டைமண்டஸ், ட்யூபெலக்ட்ரிக், மெடிவோ உலகங்களுக்குத் திரும்பிப் போகிறது. பழைய ஆட்டக்காரர்களுக்கு இது விருந்து, புதியவர்களுக்கும் லெவல் வடிவமைப்பு இங்கேதான் மிகத் தெளிவு. பாஸ்கள்தான் இந்த கேமின் மெலிந்த பகுதி. அவற்றின் அசைவு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். சீக்கரைச் சேமித்துக் கொண்டுபோனால் யோசிக்காமலே முடிந்துவிடும். கடைசியில் டேவன் பிசாசு வடிவம் எடுக்கும் சண்டை மட்டும் பரவாயில்லை.

இன்றைய விண்டோஸில் ஓட்டுவதைப் பற்றி. ஜிஓஜி தளத்தில் 2017 முதல் இரண்டு பாகங்களும் தனித்தனித் தொகுப்பாகக் கிடைக்கின்றன. இரண்டாம் பாகத்தில் நிறங்கள் பூத்துப்போய்த் தாறுமாறாகத் தெரிந்தால், கேம் 256 நிற முறையில் ஓடுகிறது என்று பொருள். டைரக்ட்டிரா என்ற பழைய வரைகலை முறையின் அந்த நிறப்பலகையைப் புதிய விண்டோஸ் சரியாகக் கையாள்வதில்லை. ஆப்ஷன்ஸில் 16 பிட்டுக்கு மாற்றினால் சரியாகும். அதற்கு மேல் ரசிகர்கள் பராமரிக்கும் ஜேஜே2 பிளஸ் என்ற இணைப்பைப் போட்டுக்கொள்வது நல்லது. கேம் இருக்கும் ஃபோல்டரிலேயே அதன் ஃபைல்களை வைத்து, கேமைத் தொடங்கும் பழைய எக்ஸி ஃபைலுக்குப் பதிலாக அதைத் திறக்க வேண்டும். ஆன்லைன் ஆட்டம் இன்றும் உயிரோடு இருப்பதற்கு அந்த இணைப்புதான் முக்கியக் காரணம்.

முதல் பாகத்தையும் சேர்த்து வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரல்மொழிக் கருவியில் எழுதப்பட்டது. அந்தக் கருவியோடு வரும் நிரல் நூலகம் ஒன்று தொடக்கத்தில் செயலியின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் செய்யும். வேகமான செயலியில் விடை அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்காது. உடனே 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லி நின்றுவிடும். பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளுக்குள் செயலி வேகத்தைக் குறைத்து ஓட்டினால் இந்தச் சிக்கல் வராது. ஓப்பன்ஜாஸ் என்ற திறந்தமூல எஞ்சினும் உண்டு. அதற்கு அசல் கேமின் ஃபைல்கள் தேவை.

பலர் சேர்ந்து ஆட இதைவிட நல்ல பழைய பிளாட்பார்ம் கேம் கிடைப்பது கடினம். ஒரே திரையைப் பிரித்து நான்கு பேர் வரை ஆடலாம். பேட்டில், கொடி பிடிப்பது, ரேஸ், ட்ரெஷர் ஹன்ட், சேர்ந்து லெவலை முடிக்கும் கோ-ஆப் என ஐந்து வகை. இதில் ட்ரெஷர் ஹன்ட்தான் சிறந்தது: நூறு ரத்தினம் சேர்த்துக்கொண்டு வெளியேறும் வாசலைத் தொடுபவர் ஜெயிப்பார். சிவப்பு 1, பச்சை 5, நீலம் 10. அடி வாங்கினால் ரத்தினம் சிதறும் என்பதால், தொண்ணூறு வைத்திருப்பவரைச் சுற்றி எல்லோரும் மொய்ப்பார்கள். நீங்களே சர்வர் நடத்தினால் ரவுட்டரில் 10052 போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். நண்பர்களால் சேர முடியாமல் போனால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கேமோடு வரும் லெவல் எடிட்டர் ஜாஸ் கிரியேஷன் ஸ்டேஷன் தனி உலகம். எட்டு அடுக்குகள், முயல் நடமாடுவது நான்காம் அடுக்கில் மட்டும். 1 முதல் 3 வரை முன்னால் தெரியும், 5 முதல் 8 வரை பின்னணி. புதியவர்கள் தரையை மூன்றாம் அடுக்கில் வரைந்துவிட்டு முயல் அதன் வழியே விழுகிறதே என்று குழம்புவார்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் மோதல் நான்காம் அடுக்கோடுதான். அடுத்த பொதுவான தவறு, கீழிருந்து குதித்து ஏற வேண்டிய மேடைக்கு, கீழிருந்து மேலே கடக்க விடும் 'ஒன்-வே' ஈவென்ட் என்ற குறியை வைக்காமல் விடுவது. அப்போது முயலின் தலை மேடையின் அடியில் முட்டிக்கொண்டே இருக்கும். மேடையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த ஈவென்ட் தேவை. ஒன்றை விட்டால் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் முட்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1999-ல் வந்த 'தி சீக்ரெட் ஃபைல்ஸ்' விரிவாக்கத்தில்தான் லோரி என்ற மூன்றாவது முயல் உண்டு, காது விசிறியும் பக்கவாட்டு உதையும் சேர்ந்தே அவளுக்கு வரும். அந்த விரிவாக்கத்துக்காகச் செய்த லெவல்கள் பழைய 1.23 பதிப்பில் திறக்காது. ஜிஓஜியின் இரண்டாம் தொகுப்பில் இந்த விரிவாக்கமும் அடக்கம். பழைய டிஸ்க் வைத்திருப்பவர்கள் கேமைத் தொடங்கிக் கதாபாத்திரம் தேர்ந்தெடுக்கும் திரையைப் பாருங்கள். லோரி அங்கே நின்றால் உங்களிடம் இருப்பது விரிவாக்கப் பதிப்பு.