பாரிஸ் போகிறவர்களுக்கு: டிக்கெட் மெஷின் பக்கத்தில் நின்று உதவ வருபவரை நம்பாதீர்கள்

பாரிஸுக்கு முதல் முறை போகிறவர்கள், அதிலும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கார் து நோர் ரயில் நிலையத்தில் மெட்ரோ டிக்கெட் எடுக்க உதவுவதாகச் சொல்லி வந்த ஓர் ஆள், எங்கள் மூன்று பேரிடமும் சேர்த்து 230 யூரோ வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் கொடுத்த பயண கார்டுகளால் அபராதமும் கட்ட வேண்டி வந்தது. எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நடந்தது 2025-ல். லண்டனிலிருந்து ரயிலில் வந்து இறங்கினோம். அம்மா, தம்பி, நான். பெரியம்மா மகள் பாரிஸ் புறநகரான லா கூர்நெவ் பக்கம் குடியிருக்கிறார். கார் து நோரிலேயே ஆர்.ஈ.ஆர். பி என்னும் புறநகர் ரயில் பிடித்தால் மாறாமல் போய்விடலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். கீழ்த்தளத்துக்குப் போனால் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் வரிசை, எல்லோர் கையிலும் பெட்டி.

அங்குள்ள பழைய மெஷின்களில் திரையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. திரைக்குக் கீழே பூரிக்கட்டை மாதிரி ஓர் உருளை இருக்கும். அதை உருட்டித்தான் வரிகளில் மேலும் கீழும் போக வேண்டும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் சரி, சிவப்பை அழுத்தினால் ரத்து. பழகியவர்களுக்கு அரை நிமிஷ வேலை. புதிதாக வருகிறவர்கள் திரையைத் தட்டிக்கொண்டே நிற்பார்கள், பின்னால் இருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இந்த ஆட்கள் காத்திருப்பது அந்தப் பதற்றத்துக்காகத்தான்.

எங்களிடம் வந்தவன் கழுத்தில் பட்டை போட்டு அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். பார்த்தால் நிலைய ஊழியர் போலவே இருந்தான். நல்ல ஆங்கிலம். எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று கேட்டான். ஐந்து நாள் என்றதும் மெஷினை ஆங்கிலத்துக்கு மாற்றி, உருளையை உருட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கான பாரி விசிட் பாஸைக் காட்டினான். ஐந்து நாள், எல்லா மண்டலங்களும் (கட்டணத்துக்காகப் பாரிஸையும் சுற்றுப்புறத்தையும் பிரித்த பகுதிகள்), ஆளுக்கு 76.25 யூரோ. விலையைத் திரையில் எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். அந்த விலை உண்மையானது, மெஷின் சொன்ன விலைதான். சந்தேகம் வருவதற்கு இடமே இல்லை.

அப்புறம் தம்பி தன் வங்கி கார்டை நீட்டினான். வெளிநாட்டு கார்டை இந்த மெஷின் எடுக்காது, நோட்டும் எடுக்காது, என் கார்டில் போட்டுவிடுகிறேன், நீங்கள் பணமாகக் கொடுத்துவிடுங்கள் என்றான் அந்த ஆள். சொல்லிக்கொண்டே எங்களுக்கும் திரைக்கும் நடுவே தோளைக் கொண்டுவந்துவிட்டான். சிவப்புப் பொத்தான், உருளை, பச்சை, பச்சை. விரல்கள் அவ்வளவு வேகம். மூன்று பிளாஸ்டிக் கார்டுகளைக் கையில் கொடுத்தான். ரசீது கேட்டபோது மெஷினில் தாள் தீர்ந்துவிட்டது என்றான். அம்மாவின் பெட்டியைக்கூடத் தூக்கித் தடுப்புக் கதவு வரை கொண்டுவந்து வைத்தான். கார்டைத் தொட்டதும் கதவு திறந்தது. யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

லா கூர்நெவில் இறங்கி வெளியே வரும் வழியில் பரிசோதகர்கள் நின்றிருந்தார்கள். கையடக்கக் கருவியில் எங்கள் கார்டைத் தொட்டுப் பார்த்த அம்மணி, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். குறைந்த கட்டணத்தில் எடுத்த ஒற்றைப் பயண டிக்கெட். பாரிஸ் பகுதியில் அந்தப் பாதிக் கட்டணம் 4 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கானது. எழுபது வயதைத் தொடப்போகும் அம்மா குழந்தை டிக்கெட்டில் வந்திருக்கிறார் என்று ஆகிவிட்டது. நடந்ததைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார், தினமும் கேட்கும் கதைதான் என்றார். ஆனாலும் விதி விதிதான். மூன்று பேருக்கும் தனித்தனியாக அபராதம். கார்டில் கட்டி ரசீது வாங்கிக்கொண்டோம். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அம்மா அந்த நடைபாதை ஓரத்தில் பெட்டியின்மேல் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்க, தான் ஏதோ திருடியது போலத் தலை குனிந்திருந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கணக்கை அன்று ராத்திரி அக்கா போட்டுக் காட்டினார். 2025 ஜனவரி 1 முதல் அங்கே மெட்ரோ, ரயில், ஆர்.ஈ.ஆர். மூன்றுக்கும் ஒரே டிக்கெட், அந்த ஆண்டு 2.50 யூரோ. குழந்தைகளுக்கு 1.25. அதை ஏற்றும் நவிகோ ஈசி கார்டு 2 யூரோ. ஆக அந்த ஆள் எங்கள் ஒவ்வொருவருக்கும் செலவழித்தது 3.25 யூரோ, வாங்கியது 76-க்கு மேல். அவன் எங்கள் கார்டை மெஷினில் போடவிடாததன் காரணமும் இதுதான். நாமே கார்டில் கட்டினால் மெஷின் எடுக்கும் தொகை நமக்குத் தெரிந்துவிடும், வங்கியிலும் பதிவாகிவிடும். கையில் கொடுத்த நோட்டுக்கு எந்தத் தடயமும் இல்லை. வெளிநாட்டு கார்டை மெஷின் எடுக்காது என்பதும் பொய். மறுநாள் அதே கார்டில்தான் டிக்கெட் எடுத்தோம்.

காகித டிக்கெட் காலத்திலேயே இந்த மோசடி உண்டாம். ஆனால் அதில் குறைந்த கட்டணம் என்று அச்சிட்டிருக்கும், உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த கார்டில் எதுவுமே எழுதியிருக்காது. உள்ளே ஐந்து நாள் பாஸ் இருந்தாலும், ஒற்றை டிக்கெட் இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் யார் வாங்கிக் கொடுத்தாலும், கதவுக்குள் போகும் முன் கார்டை மெஷினில் அதற்கான இடத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் காட்டும். அங்குள்ள போக்குவரத்து அமைப்பான இல்-து-பிரான்ஸ் மொபிலிதேயின் செயலி உள்ள போனாலும் படிக்கலாம். பணம் கைமாறுவதற்கு முன்பே இதைச் செய்வது இன்னும் நல்லது. அப்படிப் பார்க்க நிற்கிறீர்கள் என்று தெரிந்தாலே அந்த ஆள் நழுவிவிடுவான்.

நிஜ ஊழியர்களும் மெஷினில் உதவி செய்வார்கள். மறுநாள் எங்களுக்கே ஒருவர் செய்தார். சீருடையில் இருந்தார், எந்தப் பொத்தான் என்று காட்டினார், நாங்களே அழுத்தினோம், எங்கள் கார்டிலேயே கட்டினோம். தன் கார்டில் கட்டிவிட்டு உங்களிடம் பணமாகக் கேட்கிறவர், எந்த அட்டை தொங்கவிட்டிருந்தாலும் ஊழியர் இல்லை. அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள்.

அந்த சுற்றுலா பாஸ் பற்றியும் ஒரு வார்த்தை. நிஜமாகவே அதை எடுத்திருந்தாலும் எங்களுக்கு அது அதிகம்தான். 2025-ல் நவிகோ வார பாஸ் 31.60 யூரோ. எல்லா மண்டலங்களுக்கும் செல்லும், சார்ல் த கோல் விமான நிலையத்துக்கும் சேர்த்து. அங்கே தனியாக டிக்கெட் எடுத்தால் அந்த ஆண்டு ஒரு வழிக்கே 13 யூரோ. ஆனால் வார பாஸ் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிந்துவிடும். நீங்கள் எந்த நாளில் வாங்கினாலும் அப்படித்தான். வியாழனன்று போய் இறங்கினால் அதில் பயனில்லை. ஒற்றை டிக்கெட்டுகளே போதும். வார பாஸுக்கு 5 யூரோ கொடுத்துத் தனி கார்டு வாங்கி, புகைப்படம் ஒட்ட வேண்டும். ஊரிலிருந்தே சிறிய புகைப்படம் ஒன்று எடுத்துப் போங்கள். கட்டணங்களை ஜனவரியில் மாற்றுகிறார்கள், அதனால் போகும் ஆண்டின் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே கார்டில் பல டிக்கெட் ஏற்றி, வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றித் தொட்டுவிட்டு ஒன்றாகப் போக முடியாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். பயணம் முடிந்து நிலையத்தைவிட்டு வெளியே வரும்வரை அதைக் கையிலேயே வைத்திருங்கள். ஆர்.ஈ.ஆர். நிலையங்களில் வெளியேறவும் அதைத் தொட வேண்டும். அபராதம் என்று யாராவது கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். நிஜமான அபராதமாக இருந்தால் அங்கேயே கட்டிவிடுவது நல்லது, பின்னால் கட்டினால் கூடுதல் செலவும் சேர்ந்து வரும்.

விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு வேறு ஆட்கள் காத்திருப்பார்கள். வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து டாக்சி வேண்டுமா என்று கேட்பவர்களோடு போகாதீர்கள். அசல் டாக்சிகள் வெளியே அதற்கான வரிசையில்தான் நிற்கும். சார்ல் த கோலிலிருந்து பாரிஸ் நகருக்குள் 2025-ல் நிலையான கட்டணம் இருந்தது. சேன் ஆற்றின் வடகரைக்கு 56 யூரோ, தென்கரைக்கு 65. நாங்கள் திரும்பும்போது அம்மாவுக்காக டாக்சிதான் பிடித்தோம். ஏறும் முன்பே தொகையைக் கேட்டோம், ஓட்டுநர் அதே தொகையைச் சொன்னார், ரசீதும் கொடுத்தார்.