ரேஷன், அம்மா உணவகம், பால்வாடி, ஆயிரம் ரூபாய்: சென்னைக் குடும்பத்தின் தட்டில் எது எதை நிரப்புகிறது?

வியாசர்பாடியிலோ பெரும்பாக்கத்திலோ நான்கு பேர் கொண்ட ஒரு வீட்டை வைத்துக் கணக்குப் போடுவோம். அப்பாவுக்கு லோடு ஏற்றும் வேலை, அம்மாவுக்கு வீட்டு வேலை. மூத்த பிள்ளை கார்ப்பரேஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, சின்னதுக்கு ஒன்றரை வயது. இவர்களுக்கு அரசிடமிருந்து சாப்பாடு வரும் வழிகள் நான்கு. வயிறு நிறைவதை மட்டும் பார்த்தால் நான்குமே நல்ல திட்டங்கள்தான். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் பெரிது.

அளவுகோலாக, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியை எடுத்துக்கொள்ளலாம். 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம் (அதில் கீரை 100), பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம்.

ரேஷன் கடை

நால்வர் உள்ள அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். 2011 ஜூன் முதல் இப்படித்தான். இதோடு சர்க்கரை 2 கிலோ (கிலோ 25 ரூபாய்), துவரம்பருப்பு 1 கிலோ (30 ரூபாய்), பாமாயில் 1 லிட்டர் (25 ரூபாய்). மாதத்துக்கு மொத்தமே 105 ரூபாய். விலையில் இதை எதுவும் அடிக்க முடியாது.

ஆளுக்கு, நாளுக்குப் பிரித்தால்தான் விஷயம் தெரியும். அரிசி 167 கிராம், அதாவது தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. பருப்பு 8 கிராம், தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எடையில் பருப்பைவிட சர்க்கரை இரண்டு மடங்கு! சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருப்பதற்குச் சமைப்பவரின் கைப்பக்குவம் காரணமில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40 சதவீதம் பேருக்கு அதிக எடை என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சோறு போதுமான அளவும் மற்றவை அரைகுறையாகவும் உள்ள தட்டு இந்த இரண்டுக்குமே இடம் கொடுக்கும்.

அதே அட்டையில் செய்யக்கூடிய மாற்றங்கள் உண்டு. அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோதுமை கேட்டு வாங்கலாம், அதுவும் இலவசம். 15 கிலோ அரிசி, 5 கிலோ கோதுமை என்று வாங்கி மில்லில் அரைத்தால் இரவுச் சோறு சப்பாத்தியாகும். புரதமும் நார்ச்சத்தும் கூடும். கோதுமை எல்லா நாளும் இருக்காது, மாதத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். சர்க்கரை முழுவதையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அரிசியில் சற்று நிறம் மாறி, தண்ணீரில் மிதக்கும் மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணிகள். நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கும். அதை எறிந்தால் திட்டத்தின் பாதியை எறிந்த மாதிரி. ஐந்தாறு முறை கழுவுவதும் வேண்டாம், இரண்டு முறை போதும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். சோற்றோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் கூடுதலாகச் சேரும்.

ரேஷனில் அடிக்கடி கிடைக்காமல் போவது பருப்பும் பாமாயிலும்தான். 2024 மே மாதத்துப் பருப்பு, பாமாயிலை ஜூனிலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்கும் நிலை வந்தது. ‘ஸ்டாக் இல்லை, அப்புறம் வாங்க’ என்று சொன்னால், வராத பொருளுக்கும் சேர்த்துப் பில் போட்டிருக்கிறார்களா என்று போனுக்கு வரும் குறுஞ்செய்தியில் பாருங்கள். போட்டிருந்தால் 1967க்குப் புகார் செய்யலாம். வேலையால் விரல் தேய்ந்து கைரேகை விழாதவர்கள் வேறு குடும்ப உறுப்பினரை வைக்கச் சொல்லலாம்.

அம்மா உணவகம்

2013 பிப்ரவரியில் தொடங்கியது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, மாலையில் இரண்டு சப்பாத்தியும் பருப்பும் 3. அட்டை, கைரேகை, முகவரி எதுவும் கேட்க மாட்டார்கள். இதன் பெரிய பலமே அதுதான். அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு தங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

காலையில் 4 இட்லி, மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், இரவு 4 சப்பாத்தி என்றால் நாளைக்கு 18 ரூபாய். பட்டியலை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள்: அரிசி, அரிசி, அரிசி, கோதுமை. முட்டை இல்லை, கீரைப் பொரியல் இல்லை, பழம் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர் மூன்று வேளையும் இங்கேயே சாப்பிட்டால் பெரும்பாலும் மாவுச்சத்துதான் ஏறும். வீட்டுக்குப் பார்சலும் கிடையாது. ஆகவே இது குடும்பத்துக்கான திட்டம் அல்ல, வெளியே நிற்கும் உழைப்பாளிக்கான திட்டம். நம் கணக்கில் உள்ள அப்பாவுக்கு மதியம் மட்டும் இங்கே சாப்பிடுவது சரி. கூட ஒரு அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ இருந்தால் அந்த வேளை உருப்படியாகும்.

பால்வாடியும் பள்ளியும்

தரத்தில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் பயன்படுத்துவதில் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அங்கன்வாடியில் நாளுக்கு 125 கிராம் கணக்கில் சத்துமாவு தருகிறார்கள். கோதுமை, மக்காச்சோளம், கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம், அதோடு வைட்டமின் கலவை. மாதத்துக்குக் கிட்டத்தட்ட நாலு கிலோ. இதை வீட்டில் எல்லோரும் கஞ்சியாகக் குடித்துவிடுகிறார்கள், பத்து நாளில் தீர்ந்துபோகிறது, குழந்தைக்குப் பிறகு கடை பிஸ்கட். இது எளிதில் தடுக்கக்கூடிய இழப்பு. பாக்கெட்டைக் குழந்தையின் டப்பாவில் கொட்டித் தனியே வையுங்கள். கரண்டியிலிருந்து சட்டென்று ஒழுகாத பதத்துக்குக் கெட்டியாகக் காய்ச்ச வேண்டும். பாட்டிலில் ஊற்றும் அளவுக்கு நீர்த்தால் வயிறு தண்ணீரில் நிறைந்துவிடும், சத்து சேராது. வெல்லம் உள்ளே இருப்பதால் சர்க்கரை வேண்டாம். 125 கிராமையும் ஒரே நேரம் ஊட்ட முடியாது, மூன்றாகப் பிரியுங்கள். கஞ்சியைக் கண்டால் முகம் சுளிக்கும் குழந்தைக்குப் புட்டாகவோ உருண்டையாகவோ கொடுக்கலாம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று, காய்கறி சாம்பாரோடு. முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. மதியம் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை. முட்டை சாப்பிடாதவருக்கு வாழைப்பழம். வாரம் ஐந்து முட்டையை வீட்டுச் செலவில் இந்தக் குடும்பத்தால் தொடர்ந்து கொடுக்க முடியாது. ‘சத்துணவு சாப்பிடாதே’ என்று டிபன் பாக்ஸில் வெறும் எலுமிச்சைச் சாதம் கட்டி அனுப்புவது கௌரவத்துக்குக் கொடுக்கும் விலை, அதைப் பிள்ளையின் உடம்பு கட்டுகிறது. பள்ளிக்குத் தாமதமாகப் போனால் காலை உணவு போய்விடும் என்பதையும் வீட்டில் நினைவில் வைக்க வேண்டும்.

விடுமுறை மாதமான மே இதன் ஓட்டை. அந்த மாதம் முட்டைச் செலவு வீட்டின் தலையில்தான்.

மகளிர் உரிமைத் தொகை

2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். இதை உணவுத் திட்டம் என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் ரேஷன் விட்ட இடத்தை அடைக்கக்கூடியது இது ஒன்றுதான்.

அரிசிக்குப் பதில் பணமே கொடுத்துவிடலாமே என்ற வாதமும் உண்டு. புதுச்சேரி அதைச் செய்து பார்த்தது, 2024இல் ரேஷன் கடைகளை மீண்டும் திறந்தது. விலை ஏறும்போது பணம் சுருங்குகிறது, அரிசி சுருங்குவதில்லை. எனவே அரிசிக்கு மாற்றாகப் பணம் தோற்கும், அரிசியின் மேல் கூடுதலாகப் பணம் ஜெயிக்கும் என்பது எங்கள் கணிப்பு.

ஆயிரத்தில் சுமார் 600 சாப்பாட்டுக்கு ஒதுக்க முடிந்தால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி கலந்து 2 கிலோ. ரேஷன் பருப்போடு சேர்ந்து 8 கிராம் 25 கிராம் ஆகும். அடுத்து மீல்மேக்கர் அரைக் கிலோ. அதில் உள்ள புரதம் ஒரு கிலோ துவரம்பருப்பில் இருப்பதைவிட அதிகம், விலையோ வெளிக்கடைப் பருப்பைவிடக் குறைவு. பிறகு வாரம் இரண்டு கட்டு அரைக்கீரையோ சிறுகீரையோ. முருங்கை மரம் தெருவில் இருந்தால் அந்தச் செலவும் மிச்சம். மிஞ்சுவதில் அம்மாவுக்கு முட்டை. வீட்டில் யாருடைய கணக்கிலும் வராத ஆள் அவர்தான்: பள்ளி முட்டை அவருக்கில்லை, பால்வாடி மாவு கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் ஆறு மாதத்திலும் மட்டும்.

பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து கட்டட வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ வழியில் அவருக்கு அரிசி கிடைக்கும், தமிழக அரசின் மானியப் பருப்பும் பாமாயிலும் கிடைக்காது. உரிமைத் தொகையும் இல்லை. அவருக்கு அம்மா உணவகம்தான் முதல் தேர்வு, கூடவே கடையில் வாங்கும் இரண்டு முட்டை.