கடை வரிசை நெட்வொர்க்குக்கு மைக்ரோடிக் ஹெக்ஸ்: டி.ஆர். வேலையைத் தாங்குமா?

தாங்கும். டி.ஆர். என்றால் டெசிக்னேட்டட் ரவுட்டர், ஒரே சுவிட்சில் உள்ள ரவுட்டர்களுக்குத் தலைவர். ஒரே சுவிட்சில் ஐந்தாறு ரவுட்டரைக் கோத்து ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் முறை) ஓட்டுவதற்கு மைக்ரோடிக் ஹெக்ஸ், அதாவது ஆர்பி750ஜிஆர்3, தாராளம். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற டவுனில் கீழே மளிகைக்கடை, பக்கத்தில் கிளினிக், மாடியில் டியூஷன் சென்டர், அச்சகம் என்று ஒரு கடை வரிசையே லைனைப் பகிர்ந்துகொள்ள இதைவிடப் பெரிய பெட்டி வேண்டாம். 880 மெகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர், 256 எம்பி ரேம், ஐந்து கிகாபிட் போர்ட். வைஃபை கிடையாது. ஆனால் பெட்டியைப் பிரித்ததும் அப்படியே மாட்டினால் டி.ஆர். தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

டி.ஆர். எதற்கு? தோட்டத்துப் பெரட்டை, அதாவது காலைப் பேர்ப்பதிவை, நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரிடமும் போய்ப் பேர் கொடுத்துக்கொண்டிருந்தால் பால்வெட்டுக்குப் புறப்படவே முடியாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் கொடுத்தால் போதும். சுவிட்சில் ஆறு ரவுட்டர் இருந்து, எல்லோரும் எல்லோருடனும் முழுத் தொடர்பு வைத்தால் 15 ஜோடி. ஒரு டி.ஆர்., அவருக்குத் துணையாக ஒரு பி.டி.ஆர். என்று வைத்தால் 9 ஜோடி. பத்து ரவுட்டர் என்றால் 45க்குப் பதில் 17. மற்றவர்கள் தங்களுக்குள் ‘டூ-வே’ நிலையிலேயே, அதாவது ஒருவரையொருவர் தெரிந்தும் வழிகளைப் பரிமாறாமல், நின்றுவிடுவார்கள். நெய்பர்ஸ் பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டுப் பழுது என்று கேபிளைப் பிடுங்க வேண்டாம். அது சரியான நிலைதான்.

தேர்வில் முதலில் பார்ப்பது பிரையாரிட்டி, 0 முதல் 255 வரை. எண் பெரியதாக இருப்பவர் ஜெயிப்பார். சமமானால் ரவுட்டர் ஐடி பெரியவர். இங்கேதான் ஹெக்ஸ் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். மைக்ரோடிக்கின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 6இல் பிரையாரிட்டியின் இயல்பு எண் 1. பதிப்பு 7இல் 128. சிஸ்கோவிலும் 1தான். பழைய பெட்டிகள் ஓடும் சுவிட்சில் புதிய ஹெக்ஸ் ஒன்றைச் சேர்த்தால், யாரும் சொல்லாமலே அதுதான் அடுத்த வாரிசு. அதனால் எல்லாப் பெட்டியிலும் எண்ணைக் கையால் போடுங்கள்: செட்டிங் மாற்றும் வின்பாக்ஸ் மென்பொருளில் ரவுட்டிங், ஓஎஸ்பிஎஃப், இன்டர்ஃபேஸ் டெம்ப்ளேட்ஸ். டி.ஆர். ஆக வேண்டியதற்கு 200, துணைக்கு 150, மற்றவற்றுக்கு 1. ரவுட்டர் ஐடியையும் இன்ஸ்டன்ஸில் நீங்களே எழுதுங்கள்.

மற்றவற்றுக்கு 0 போடச் சொல்பவர்கள் உண்டு. நாங்கள் சொல்ல மாட்டோம். 0 என்றால் அந்த ரவுட்டர் எந்தக் காலத்திலும் டி.ஆர். ஆகாது. 200ம் 150ம் ஒரே நாளில் படுத்தால் மிச்சமிருக்கும் நான்கும் ‘டூ-வே’யிலேயே உட்கார்ந்திருக்கும், ஒரு ரூட்டும் கைமாறாது.

எண்ணை மாற்றியதும் டி.ஆர். மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏற்கெனவே பதவியில் இருப்பவரைப் புதிதாக வந்தவர் இறக்க முடியாது. 1998இல் வந்த ஓஎஸ்பிஎஃப் விதி ஆவணமான ஆர்எஃப்சி 2328 அப்படித்தான் வகுத்திருக்கிறது. உதாரணமாக, டி.ஆர். அச்சகத்து ரவுட்டர், பி.டி.ஆர். கிளினிக் ரவுட்டர், நீங்கள் விரும்புவது 200 போட்ட மளிகைக்கடை ரவுட்டர். முதலில் அச்சகத்தில் ஓஎஸ்பிஎஃப் இன்ஸ்டன்ஸை நிறுத்தி 40 விநாடிக்கு மேல் பொறுங்கள். கிளினிக் டி.ஆர். ஆகும், மளிகைக்கடை பி.டி.ஆர். ஆகும். அச்சகத்தைத் திரும்ப ஓடவிட்டு, அடுத்து கிளினிக்கை அதேபோல் நிறுத்துங்கள். இப்போது மளிகைக்கடை மேலே வரும். இரண்டு தடவை, இந்த வரிசையில். கடை அடைத்த பிறகு செய்வது நல்லது.

ஒரே விதிவிலக்கு: சுவிட்சுக்கு நடுவே கேபிள் அறுந்து இரு பக்கமும் ஆளுக்கொரு டி.ஆர். வைத்துக்கொண்டு, பிறகு ஒன்றுசேர்ந்தால் பிரையாரிட்டி பெரியவரே நிலைப்பார்.

அடுத்தது முதல் போர்ட். ஹெக்ஸின் ஆரம்ப செட்டிங்கில் ஈதர்1 இன்டர்நெட் பக்கம், மற்ற நான்கும் உள் பக்கம். பொதுச் சுவிட்சை ஈதர்1இல் செருகினால் மற்ற ரவுட்டர்கள் ‘நான் இருக்கிறேன்’ என்று அனுப்பும் ஹலோ செய்தியை எல்லாம் ஃபயர்வால் தூக்கி எறிந்துவிடும், ஆனால் ஹெக்ஸ் தன் ஹலோவை அனுப்புவதை நிறுத்தாது. அந்த ஹெக்ஸின் நெய்பர்ஸ் பட்டியல் காலி. 40 விநாடி காத்திருந்து, தன்னையே டி.ஆர். என்று அறிவித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில் பார்த்தால் அது தொடர்பின் ஆரம்பப் படியான ‘இனிட்’ நிலையில் நகராமல் நிற்கும். இன்புட் செயினில், டிராப் விதிக்கு மேலே, ஓஎஸ்பிஎஃப்பின் எண்ணான புரோட்டோகால் 89ஐ அனுமதித்தால் தீர்ந்தது. அதற்குப் பிந்தைய படியான ‘எக்ஸ்ஸ்டார்ட்’டில் நின்றால் காரணம் வேறு: பெரும்பாலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பொருந்தவில்லை, ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 1480 என்று இருக்கும்.

ஒரு ஹெக்ஸின் பேக்கப் கோப்பை இன்னொன்றில் ஏற்றி வேலையைச் சுருக்காதீர்கள். அதில் மேக் முகவரியும் ரவுட்டர் ஐடியும் சேர்ந்தே வரும், இரண்டு பெட்டியும் ஒரே பேரில் அடித்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் எடுத்து, முகவரிகளைத் திருத்தி ஏற்றுங்கள்.

சாயங்கால இடிமழையில் கரண்ட் போய்த் திரும்பும்போது இன்னொரு சிக்கல். 40 விநாடிக் காத்திருப்பை யார் முதலில் முடிக்கிறாரோ அவர் கையில் பதவி போய்விடும், 200 போட்ட பெட்டி தாமதமாக எழுந்தால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 200, 150 இரண்டையும், கூடவே சுவிட்சையும், ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். ஹெக்ஸ் 8 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும், ஈதர்1 வழியாகவும் கரண்ட் கொடுக்கலாம். ஆனால் அது பாசிவ் வகை மட்டும், 802.3ஏஎஃப் சுவிட்சிலிருந்து எடுக்காது. டி.ஆர். செத்ததை மற்றவர்கள் உணர 40 விநாடி பிடிப்பதும் நீளமாகத் தோன்றினால், ஹலோ அனுப்பும் இடைவெளியை 2 விநாடி, செத்ததாக முடிவுகட்டும் டெட் நேரத்தை 8 விநாடி என்று குறைக்கலாம். ஆறு பெட்டியிலும் ஒன்றுபோல் மாற்ற வேண்டும், ஒன்று தவறினாலும் அது அண்டை வீட்டாரை இழந்துவிடும்.

குறை என்று சொன்னால் 16 எம்பி ஸ்டோரேஜ்தான். கூடுதல் பேக்கேஜ் போட்டுவிட்டு அப்டேட் செய்யப் போனால் இடம் இடிக்கும். புதிதாக வாங்குபவர்கள் 128 எம்பி ஸ்டோரேஜும் 512 எம்பி ரேமும் உள்ள புதிய ஹெக்ஸான இ50யூஜி மாடலைக் கேட்டு வாங்குங்கள். பழையது கையில் இருப்பவர்கள் அதை பிரையாரிட்டி 1 போட்ட ரவுட்டராக இன்னும் பல காலம் ஓட்டலாம்.