‘கரோலைனா ரீப்பர்’ பெட்டியை நம்பி விதை எடுக்கவேண்டாம்

கடந்த ஜனவரியில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்து மளிகைக் கடை ஒன்றில், ‘கரோலைனா ரீப்பர்’ என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்த சிறு பிளாஸ்டிக் பெட்டி என் கண்ணில் பட்டது. ஆறு மிளகாய்ப் பழங்கள், விலை 9 வெள்ளி 90 காசு. ஹபனேரோ மிளகாய் அவ்வப்போது பேரங்காடிகளில் கிடைத்தாலும், இரண்டாண்டுகளாகத் தேடியும் ரீப்பர் பழம் அகப்படாததால், யோசிக்காமல் எடுத்துவிட்டேன். என் ஆவலைக் கவனித்த கடைக்காரர், “அண்ணே, இதே பழத்தோட விதையைக் காயவச்சு பாக்கெட் போட்டிருக்கோம், வேணுமா?” என்றார். 12 வெள்ளி கொடுத்து அதையும் வாங்கினேன். இரண்டிலும் ஏமாந்தேன்.

பழத்தைச் சரியாகப் பார்க்காதது என் தவறு. தென் கரோலைனாவில் எட் கரி உருவாக்கிய ரீப்பர், 2013இல் கின்னஸ் சாதனை பெற்று, 2023இல் அவருடைய பெப்பர் எக்ஸ் வரும்வரை உலகின் மிகக் காரமான மிளகாயாக இருந்தது. அதன் சராசரிக் காரம், காரத்தை அளக்கும் அலகான ஸ்கோவிலில் 1,641,183 என்று அளந்திருக்கிறார்கள். நம் சில்லி பாடி ஏறத்தாழ 50,000 முதல் 100,000 வரைதான். ரீப்பரின் தோல் முழுக்கப் பருப் பருவாக இருக்கும், அடிமுனையில் தேள் கொடுக்குப் போன்ற வால் நீண்டிருக்கும். என் பெட்டியில் இருந்தவற்றுக்குக் காம்போரம் சற்றுச் சுருக்கம் இருந்ததே தவிர, வால் ஒன்றுக்குக்கூட இல்லை. நறுக்கியபோதும் உட்சுவர் சுத்தமாக, உலர்ந்தே இருந்தது. இவ்வகை மிகக் காரமான பழங்களில் விதை தாங்கும் வெள்ளைச் சதையில் மட்டுமன்றி, உட்சுவரிலும் காரநெய் கொப்புளங்களாகப் படர்ந்திருக்கும். அரைப் பழத்தைச் சம்பலில் போட்டு அரைத்தோம். என் மாமியார், “காரம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

விதை எடுப்பதில் நான் குறை வைக்கவில்லை. கையுறை அணிந்து, நன்கு சிவந்த பழங்களிலிருந்து மட்டும் விதைகளைப் பிரித்து, காகிதத்தில் பரப்பி நிழலில் உலர்த்தினேன். இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் அவை எளிதில் காயாது என்பதால், பிறகு ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலத்துடன் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, வளைத்தால் வளையாமல் முறியும் பதம் வரும்வரை காத்திருந்தேன். நாற்பது விதைகளை ஊன்றியதில் பதினெட்டாம் நாள்தான் முதல் முளை தெரிந்தது. ஹபனேரோ, ரீப்பர், பூத் ஜொலோக்கியா ஆகியவை சேர்ந்த இனத்துக்கு இந்தத் தாமதம் இயல்பு. கடைப் பாக்கெட் விதைகளோ ஏழே நாளில் எழும்பி நின்றன. அதையும் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன்!

யீஷூனில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நடப்பதற்கு 1.2 மீட்டர் விட்டு, பன்னிரண்டு தொட்டிகளை வரிசையாக வைத்து நான்கு மாதம் நீரும் உரமும் கொடுத்தேன். பூ விட்டதும் குட்டு வெளிப்பட்டது. பாக்கெட் செடிகளில் கணுவுக்கு ஒரே பூ. பின்னர் வந்த காய்களோ வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றன. சந்தையில் ஒரு வெள்ளிக்குக் கைநிறையக் கிடைக்கும் சாதாரணச் சில்லி பாடியேதான். பழத்திலிருந்து நான் எடுத்த விதைகளின் செடிகளில் கணுவுக்கு இரண்டு மூன்று பூக்கள் தொங்கியதால் இனம் சரியாக இருந்தது. ஆனால் காய்த்தவை வழவழப்பான விளக்குக்கூண்டு வடிவ ஹபனேரோக்கள், அவற்றிலும் இரண்டு செடிகளில் ஆரஞ்சு, மற்றவற்றில் சிவப்பு. ஒரே பெட்டிப் பழங்களின் பிள்ளைகள் இப்படி வேறுபட்டால், தாய்ப் பழம் கலப்பினமாக இருந்திருக்கலாம், அல்லது தோட்டத்தில் தேனீக்கள் பக்கத்து வகையின் மகரந்தத்தைக் கொண்டு வந்திருக்கலாம். ஆகவே உண்மையான ரீப்பர் பழமே கிடைத்தாலும், அதன் விதை ரீப்பரைத் தரும் என்ற உறுதி கிடையாது. இதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படங்களுடன் கடைக்குப் போனேன். பெட்டியில் பெயர் ஒட்டியது மொத்த வியாபாரி என்றார்கள். பாக்கெட் தாங்களே போட்டது என்று முன்பு சொன்னதை இப்போது மறுத்தார்கள். ரசீதில் ‘மிளகாய்’ என்று மட்டும் அச்சாகியிருந்ததால் வாதாட என்னிடம் ஏதுமில்லை. பொய்யான பெயரில் விற்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம்தான், சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 10 வெள்ளிக் கட்டணத்தில் மனுவும் கொடுக்கலாம். ஆனால் பெட்டியின் படமும் என்னிடம் இல்லை, பாக்கெட்டையும் எறிந்துவிட்டேன். வாங்குபவர்கள் வீட்டுக்குப் போகும்முன்பே ஒட்டுத்தாளைப் படமெடுத்து, ரசீதில் வகையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள்.

சென்ற சனிக்கிழமை அந்த வழியாகப் போனபோது அதே பெட்டிகள் அதே சிவப்பு எழுத்துடன் அடுக்கியிருந்தன. விலை 10 வெள்ளி 90 காசு.